பெரிய வெள்ளியன்று கழற்றி வைத்த சாவி

பாதுகாப்பு வாரத்துக்கு வந்து பேச வேண்டும் என்று பிரியா ஃபோன் செய்தார். நான் வேலை பார்த்த, இரும்புத் தகடு வளைக்கும் பிரஸ் ஷாப்பில் இப்போது அவர்தான் ஷிஃப்ட் இன்சார்ஜ். "சார், நம்ம ஷாப்ல இப்ப பைபாஸ் சாவியே கிடையாது. விரல் வெச்சாதான் பேனல் திறக்கும். யார் திறந்தாங்க, எத்தனை மணிக்குத் திறந்தாங்க, எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏறிடும். உங்க காலத்துல வெறும் சாவியை வெச்சுக்கிட்டு எப்படி சமாளிச்சீங்கன்னு புதுசா வந்தவங்களுக்குச் சொல்லுங்க" என்றார்.

"சமாளிக்கலம்மா" என்றேன்.

சிரித்தார். தன்னடக்கம் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. மேடையில் நின்று இதைச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். படித்துவிட்டு, இவரை ஏன் கேட்டோம் என்று அவர்கள் வருத்தப்பட்டால் அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

நான் பிரஸ் ஷாப்புக்கு வந்திருக்க வேண்டியவன் அல்ல. ஊர் திருநெல்வேலிப் பக்கம். இறையியல் கல்லூரியில் படித்துப் போதகராக வேண்டும் என்று சிறு வயதிலிருந்தே ஆசை. சபையிலும் சிபாரிசுக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். பெட்டி கட்டி வைத்திருந்த வாரத்தில் அப்பா திடீரென்று இறந்துபோனார். எனக்குக் கீழே மூன்று பேர். கடிதத்தை மடித்து டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டு ஐ.டி.ஐ.யில் சேர்ந்தேன். பிறகு சென்னையில் இரண்டு வருடம், அதன்பின் ஓசூர். சூபர்வைசர் ஆகும்வரை நடந்தவற்றில் சொல்லும்படி ஒன்றுமில்லை. கற்றுக்கொண்டேன், திட்டு வாங்கினேன், கல்யாணம் ஆயிற்று.

எங்கள் சபைகளில் சாட்சி சொல்வது என்று ஒரு வழக்கம் உண்டு. ஆண்டவர் தன் வாழ்க்கையில் என்ன செய்தார் என்று எழுந்து நின்று நாலு பேர் முன்னால் சொல்வது. என்னுடைய சாட்சி ஓசூர் வட்டாரத்தில் கொஞ்சம் பிரசித்தம். "நான் போட்ட திட்டம் போதகர் வேலை. ஆண்டவர் போட்ட திட்டம் பிரஸ் ஷாப். என் ஷிஃப்ட்டில் இன்றுவரை ஒருவருடைய ஒரு விரல்கூடப் போனதில்லை" என்று முடிப்பேன். சபை முழுவதும் ஆமென் சொல்லும். அந்த ஆமென் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதைக் கேட்பதற்காகவே கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனேன் என்று இப்போது தோன்றுகிறது.

ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தபோது, ஜவளகிரிப் பக்கம் ஒரு சின்ன சபைக்கு என்னை உபதேசியாராக அனுப்பலாம் என்று பேச்சு வந்தது. காட்டோரத்தில் முப்பது குடும்பங்கள். போதகர் மாதம் ஒருமுறைதான் போக முடியும். மற்ற நாட்களில் ஆராதனை நடத்தவும் வீடுகளுக்குப் போய் ஜெபிக்கவும் ஒருவர் வேண்டும். டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்தப் பழைய கடிதத்தை எடுத்து என் மனைவியிடம் காட்டினேன். ஆண்டவர் சுற்றி வளைத்தாவது கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார் பார் என்றேன்.

இனி சாவிக்கு வருகிறேன். பிரஸ் என்பது தகட்டை ஒரே அடியில் வளைத்து, வெட்டி எடுக்கும் இயந்திரம். மேலேயிருந்து இறங்கும் பாகம் பல டன் விசையோடு வரும். அதற்கு முன்னால் இரண்டு பக்கமும் தூண்கள் போல நிற்பவற்றுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர்கள் ஓடும். லைட் கர்ட்டன் என்போம். கை குறுக்கே போனால் பிரஸ் அந்த இடத்திலேயே நின்றுவிடும். டை என்கிற அச்சை மாட்டும்போது மட்டும் அந்தக் கதிர்களை அணைத்து வைக்க ஒரு சாவி உண்டு. அதுதான் பைபாஸ் சாவி. ஷிஃப்ட்டுக்கு ஒரே சாவி, அது சூபர்வைசரிடம். திருப்பினால் ரிஜிஸ்டரில் எழுத வேண்டும்: எந்த பிரஸ், எதற்காக, எத்தனை மணிக்குத் திருப்பினாய், எத்தனை மணிக்கு எடுத்தாய், கையெழுத்து. ஷிஃப்ட் முடிந்ததும் ஆபீஸ் சுவரில் இருக்கும் கண்ணாடிப் பெட்டியில் தொங்கவிட வேண்டும்.

நான் அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தேன். அதே கயிற்றில் ஒரு சின்ன மரச்சிலுவையும் இருந்தது. ஷாப்பில் என்னை ஃபாதர் என்றுதான் கூப்பிடுவார்கள். "ஃபாதர் வர்றாரு, கிளவுஸ் போடுறா" என்று தூரத்திலேயே குரல் வரும். கிண்டல்தான், ஆனால் கிளவுஸ் போட்டார்கள்.

எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர் நஞ்சுண்டப்பா, மைசூர்ப் பக்கத்துக்காரர். முப்பது வருட சர்வீஸில் அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. நம்மை உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, நாம் பாதி குடித்த பிறகுதான் விஷயத்தைத் தொடுவார். எதை எழுதினாலும் பென்சிலில்தான் எழுதுவார். கையெழுத்துக்கு மட்டும் பேனா. முதலில் இதைச் சிக்கனம் என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, அழிக்க முடியாத எதையும் அவர் தன் கையால் எழுதமாட்டார்.

அந்த வருடம் நாலாம் நம்பர் பிரஸ்ஸில் லைட் கர்ட்டன் தகராறு செய்துகொண்டிருந்தது. அதிர்வில் அதன் பிடி ஆடி, யார் கையும் போகாமலே பிரஸ் நின்றுவிடும். ஒவ்வொரு தடவையும் நான் ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பி, பிரஸ்ஸை மேலே ஏற்றி, மறுபடி சாவியை எடுத்து ஓடவிட வேண்டும். மெயின்டெனன்ஸுக்கு மூன்று முறை எழுதினேன். பார்ட் வரவேண்டும் என்றார்கள். அந்த பிரஸ்ஸில் கால் பெடல். கைகள் இரண்டும் சும்மா இருக்கும். கையைக் காப்பது அந்தக் கதிர்கள் மட்டும்தான்.

அதை ஓட்டியவர் மாதேஷ். ஊத்தங்கரைப் பக்கம் மானாவாரி நிலம் வைத்திருக்கும் விவசாயக் குடும்பம். மழை பெய்தால் நிலக்கடலை, பெய்யாவிட்டால் ஒன்றுமில்லை. அந்த மண்ணிலிருந்து தப்பித்து வந்ததைப் பற்றி அவர் பேசும்போது ஜெயிலிலிருந்து வந்தவர் போலப் பேசுவார். வயது முப்பத்தொன்று. ரிஜிஸ்டரில் அவர் கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும். "கல்யாணப் பத்திரிகை எழுதப் போலாம்ப்பா நீ" என்று சொல்வேன்.

பெரிய வெள்ளி வந்தது. அவசர ஆர்டர் என்று லீவ் ரத்து. நடுப்பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை எங்கள் ஆலயத்தில் மும்மணி ஆராதனை. சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளையும் ஒவ்வொன்றாகத் தியானிப்பது. சிறுவயதிலிருந்து நான் ஒரு வருடம்கூடத் தவறவிட்டதில்லை. அதுவும் என் சாட்சியில் உண்டு. நஞ்சுண்டப்பாவிடம் போய்க் கேட்டேன். டீ வந்தது.

"ஹோகி பன்னி, போயிட்டு வாங்க, தானியேல். சாமி விஷயம், நான் தடுப்பேனா? லைன் மட்டும் நிக்கக் கூடாது. அஷ்டே, அவ்வளவுதான்" என்றார்.

லைன் நிற்காமலிருக்க ஒரு வழிதான் இருந்தது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கயிற்றிலிருந்து சாவியைக் கழற்றினேன். சிலுவை மட்டும் கழுத்தில் இருந்தது. நாலாம் நம்பர் பேனலில் சாவியைப் போட்டுவிட்டு மாதேஷிடம் சொன்னேன்: "நின்னுச்சுன்னா நீயே ரீசெட் பண்ணிக்கோ. பைபாஸ்ல ஓட்டாதப்பா."

"சரிங்க சார். நீங்க போய் நல்லா சாமி கும்பிட்டுட்டு வாங்க."

ரிஜிஸ்டரில் நான் எழுதவில்லை. என்னவென்று எழுதுவது? நாலைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிற்கும் பிரஸ்ஸில், டார்கெட் தலைக்குமேல் நிற்கும்போது, சாவியை ஒவ்வொரு தடவையும் திருப்பித் திருப்பி எந்த மனிதனும் எடுக்க மாட்டான். ஒருமுறை திருப்பி அப்படியே விட்டுவிடுவான். அது தெரிந்துதான் சொன்னேன். பைபாஸ்ல ஓட்டாதே என்று சொன்னது அவரைக் காப்பாற்ற அல்ல, என்னைக் காப்பாற்ற.

ஆலயத்தில் ஃபோனை அணைத்து வைத்தேன். ஐந்தாம் வார்த்தை நடந்துகொண்டிருந்தபோது எனக்கு மனம் நிறைந்து கண்ணீர் வந்தது. அதே நேரத்தில்தான், பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன், டையில் சிக்கிய ஒரு பீஸை எடுக்க மாதேஷ் கையை விட்டிருக்கிறார். இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். அவசரத்தில் கையால் எடுத்தார். கால் பெடலில் இருந்தது.

மூன்று மணிக்கு ஃபோனைப் போட்டதும் வரிசையாக அழைப்புகள். நான் போய்ச் சேர்ந்தபோது தரையைக் கழுவி விட்டிருந்தார்கள். பேனலில் சாவி இல்லை. வலது கையில் நாலு விரல்கள் போய்விட்டன. நசுங்கியவற்றை ஒட்ட முடியாது என்று பெங்களூர் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். கட்டைவிரலும் பாதிதான் மிச்சம்.

மறுநாள் காலை நஞ்சுண்டப்பா கூப்பிட்டார். டீ வந்தது. மேஜை டிராயரைத் திறந்து சாவியை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

"நோடி, பாருங்க தானியேல். நீங்க போறப்போ இதைக் கண்ணாடிப் பெட்டியில மாட்டிட்டுப் போனீங்க. மாதேஷ் அவராவே எடுத்திருக்கார். அப்படித்தானே இருக்கும்?"

நான் பேசவில்லை. அவர் பென்சிலில் ஏதோ எழுதிக்கொண்டார். என் மௌனத்தைத்தான் எழுதிக்கொண்டார் என்று பிறகு தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை உயிர்த்தெழுந்த பண்டிகை. ஆராதனை முடிந்து நேராகப் பெங்களூர் பஸ் ஏறினேன். மாதேஷின் மனைவி கவிதா கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கை தோள்வரை கட்டுப்போட்டு உயரத் தூக்கி மாட்டியிருந்தது. எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். தலையில் கைவைத்துக் கண்ணைமூடி ஜெபித்தேன். நீளமாக, நன்றாக ஜெபித்தேன். நம் திட்டம் வேறு, ஆண்டவர் திட்டம் வேறு என்றேன். இந்த இழப்புக்குள்ளும் அவர் ஒரு நோக்கம் வைத்திருப்பார் என்றேன். எதையும் மன்னிக்கிற இருதயத்தை இந்தச் சகோதரனுக்குக் கொடும் என்றேன். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தேன்.

மாதேஷ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெபம் முழுக்கக் கண்ணைத் திறந்தேதான் இருந்திருக்கிறார்.

"புரியுதுங்க சார். சாவியப் பத்தி நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்றார்.

நான் அதற்காக வரவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அதற்காகத்தான் வந்திருந்தேன். எனக்கே தெரியாமல் நான் கேட்க வந்ததை அவர் சரியாகக் காதில் வாங்கிக்கொண்டார். என் கழுத்தில் கிடந்த சாவியை ஆண்டவர் கழுத்தில் மாட்டிவிட்டு, ஆமென் சொல்லிக் கிளம்பப் பார்த்திருக்கிறேன். திரும்பி வரும்போது அத்திப்பள்ளி தாண்டும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

அப்போதே போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மூன்று வாரம் வேலைக்குப் போனேன், வந்தேன். ஜவளகிரி சபையிலிருந்து என் பெயரை உறுதி செய்யப்போவதாகத் தகவல் வந்தது. சாப்பாடு இறங்கவில்லை. மனைவி கேட்டதற்கு அல்சர் என்றேன்.

பிறகு விசாரணை வைத்தார்கள். நஞ்சுண்டப்பா, பர்சனல் ஆபீஸர் ஒருவர், யூனியன் சார்பில் ஒருவர், சாட்சியாக நான். மாதேஷ் வந்து உட்கார்ந்தார். ஒரே மூச்சில் சொன்னார்: "கண்ணாடிப் பெட்டிலருந்து சாவிய நானேதாங்க எடுத்தேன். சார் வேணாம்னு சொல்லியிருந்தாரு. என் தப்புதாங்க." மனப்பாடம் செய்தது நன்றாகவே தெரிந்தது. அதைத் தட்டச்சு செய்து கொண்டுவந்து முன்னால் வைத்தார்கள். அவர் பழக்கத்தில் வலது கையை நீட்டினார். கட்டுத்துணி மேஜைமேல் பட்டது. பர்சனல் ஆபீஸர் அவசரமாக மை டப்பாவை எடுத்துத் தள்ளினார். மாதேஷ் இடது கைக் கட்டைவிரலை மையில் அழுத்தி, எங்கே வைப்பது என்று தெரியாமல் காகிதத்துக்குமேல் பிடித்துக்கொண்டிருந்தார்.

அச்சடித்தது போலக் கையெழுத்துப் போடும் மனிதன், தான் செய்யாத தப்புக்குக் கைநாட்டு வைக்கப் போகிறான். வைத்துவிட்டால் கம்பெனி எந்த நாளும் அவரைத் திருடன் என்று சொல்லி வெளியே அனுப்பலாம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வெட்கத்தால் எரிந்தது, வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

"வைக்காதப்பா" என்றேன். "சாவியை நான்தான் பேனல்ல விட்டுட்டுப் போனேன். பெட்டியில மாட்டவே இல்ல."

நஞ்சுண்டப்பா பென்சிலைக் கீழே வைத்தார். "தானியேல், நீங்க களைப்பா இருக்கீங்க. பத்து நிமிஷம் வெளிய போய் டீ குடிச்சிட்டு வாங்க. அப்புறம் சொல்லுங்க" என்றார். அப்போதும் குரல் உயரவில்லை.

வெளியே கவிதா நின்றிருந்தார். கதவு சாத்தியிருந்தும் எல்லாம் கேட்டிருக்கிறது. நேராக என்னிடம் வந்தார்.

"ஏன் சார் இப்ப போயி சொல்றீங்க? இவரு ஒத்துக்கினா எனக்கு பேக்கிங்ல வேலை போட்டுத் தரன்னு மேனேஜரு சொல்லிக்கிறாரு. கை போனது போனதுதான? திரும்பியா வந்துடும்?"

"அது வாய்ப்பேச்சும்மா. எழுதித் தந்தாங்களா?"

"நீங்க மட்டும் எழுதியா குடுத்துட்டுப் போனீங்க?" என்றார். "உங்க மனசு ஆறணும். அதுக்கு எங்க சோத்துல மண்ணப் போடுறீங்க."

என் மனம் ஆறுவதற்காகவும்தான் சொன்னேன். ஆனால் அந்தக் கைநாட்டு விழுந்துவிட்டால் பிறகு யார் நினைத்தாலும் அழிக்க முடியாது. உள்ளே போய் அதையே இன்னொரு முறை சொன்னேன். இந்த முறை பேனாவால் எழுதச் சொன்னேன். லைன் நிற்கக் கூடாது என்று நஞ்சுண்டப்பா சொன்னதையும் சொன்னேன். "நான் சொன்னது லைனைப் பத்தி. சாவியைப் பத்தி நான் ஒரு வார்த்தை சொல்லலையே" என்றார் அவர். அது உண்மைதான். அவர் சொல்லவில்லை.

என்னை சஸ்பெண்ட் செய்து, பிறகு ஸ்கிராப் யார்டுக்கு மாற்றினார்கள். மீதி இரண்டு வருடமும் அங்கே வெயிலில் வெட்டுத் துண்டுகள் லாரி ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சபையிலிருந்து மரியாதையான ஒரு கடிதம் வந்தது. ஜவளகிரிக்கு வேறொருவரை நியமித்திருப்பதாக. அதை அந்தப் பழைய கடிதத்தோடு சேர்த்து டிரங்குப் பெட்டியில் வைத்தேன். எங்கள் போதகர் ஆறுதல் சொல்ல வந்தார். "உங்களுக்காக ஒரு ஏழைத் தொழிலாளி பழியைச் சுமக்க முன்வந்தானே, அது எவ்வளவு பெரிய பிரசங்கம் தெரியுமா" என்று ஆரம்பித்தார். அவர் கையிலிருந்த காபி டம்ளரை வாங்கிக்கொண்டு, போய் வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். யார் கையையும் நான் பிரசங்கம் ஆக்குவதாக இல்லை.

மாதேஷை டூல் ஸ்டோரில் உட்காரவைத்தார்கள். இடது கையால் எழுதப் பழகினார். கவிதாவுக்கு வேலை கிடைக்கவில்லை. ஒரு வருடம் இருந்தார். ஸ்டோருக்கு அடுத்த சுவரில் பிரஸ் ஷாப். ஒவ்வொரு அடிக்கும் அவர் உடம்பு தூக்கிப்போடுவதாக ஸ்டோர்க்காரர் சொன்னார். ஒருநாள் ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டு ஊத்தங்கரைக்கே போய்விட்டார். எந்த மண்ணிலிருந்து தப்பித்து வந்தாரோ அங்கேயே.

இப்போதும் நான் ஆலயத்துக்குப் போகிறேன். கடைசி பெஞ்சில் உட்காருகிறேன். சாட்சி சொல்வதில்லை. விசுவாசம் போய்விட்டதா என்று மனைவி கேட்டாள். போகவில்லை. ஆனால் மனிதர்கள் செய்ததை ஆண்டவர் திட்டம் என்று சொல்ல வாய் கூசுகிறது. அப்பா இறந்தது என் திட்டத்தை மாற்றியது. அது யார் கையிலும் இல்லாதது. மாதேஷின் திட்டத்தை மாற்றியது ஒரு சாவி, அது என் கையில் இருந்தது.

இதை எழுதுவதற்கு மாதேஷிடம் கேட்க வேண்டும் என்று தோன்றியது. போன மாதம் கிருஷ்ணகிரியில் பஸ் மாறி ஊத்தங்கரை போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்துப் போனேன். விசாரணைக்குப் பிறகு அவரிடம் பேசப் போவது அதுதான் முதல் தடவை. களத்தில் நிலக்கடலைச் செடி காய்ந்துகொண்டிருந்தது. மாதேஷ் இடது கையால் செடியைப் பிடித்து, காய்களை ஒரு கல்லில் உரசி உதிர்த்துக்கொண்டிருந்தார். கவிதா ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கீழே வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் போனார்.

வந்த விஷயத்தைச் சொன்னேன். கையிலிருந்த செடியைக் கீழே போட்டார்.

"எழுதிக்கோங்க சார். பேர மட்டும் மாத்தாதீங்க. மாதேஷ் சாவி எடுக்கலன்னு எழுதுங்க."

"எழுதுறேன்ப்பா."

மழை இல்லை என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தேன்.

"ஜெபம் பண்ணாம போறீங்க?" என்றார்.

நான் அப்படியே நின்றேன். கிண்டல் செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை.

"வேணாம்ப்பா. எனக்குத் தகுதி இல்ல."

"அன்னிக்கு ஆஸ்பத்திரில பண்ணது உங்களுக்குங்க. எனக்குன்னு ஒண்ணு பண்ணவே இல்ல. இன்னிக்கு எனக்குப் பண்ணிட்டுப் போங்க."

கடலைக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கண்ணை மூடினேன். முப்பத்தைந்து வருடம் எத்தனையோ வீடுகளில் தடங்கலில்லாமல் ஜெபித்தவன் நான். ஆண்டவரே என்று சொன்னேன். அதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை. விரல்களைக் கேட்க முடியாது. அந்தப் பெரிய வெள்ளியைத் திருப்பிக் கேட்க முடியாது. அவர் மன்னிக்கட்டும் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியவில்லை. ரோட்டில் என் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

கண்ணைத் திறந்து பார்த்தேன். இந்த முறை மாதேஷ் கண்களை மூடியிருந்தார். இடது கையால் வலது கையை மடியில் பிடித்துக்கொண்டு, நான் ஆரம்பிப்பதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்.